போர்தோவிலிருந்து துலூஸ் வரை சைக்கிளில்: தென்மேற்குப் பிரான்ஸின் கிராமங்கள் வழியே ஒரு முழுமையான வழிகாட்டி

பிரான்ஸில் நெடுந்தூரச் சைக்கிள் பயணம் என்றதும் பலருக்கு லுவார் நதிக்கரை அரண்மனைகளோ ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களோதான் நினைவுக்கு வரும். தென்மேற்கு மூலையில் கரோன் நதிக்கும் பிரெனே (பைரெனீஸ்) மலைக்கும் நடுவே கிடக்கும் கஸ்கோன் நாட்டுப்புறத்தை அதிகம் பேர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனால்தான் அங்கே சாலைகள் இன்னும் காலியாக இருக்கின்றன. இந்த வழிகாட்டி போர்தோவில் தொடங்கி, பழைய ரயில் தடம், கால்வாய்க்கரை, ஜெர்ஸ் மாவட்டத்தின் மேடுகள் வழியாகச் சென்று துலூஸில் முடிகிறது. மொத்தம் ஏறத்தாழ 450 கிலோமீட்டர். சாமானோடு நிதானமாகப் போனால் எட்டு ஒன்பது நாட்கள் ஆகும்.

கிலோமீட்டர் கணக்கை மட்டும் வைத்து இந்த ஊரில் நாளைத் திட்டமிட்டால் தப்பாகப் போகும். ஆறுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, கடைகள் எப்போது கதவடைக்கின்றன என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். தூரம் அதற்குப் பிறகுதான்.

எப்போது, எந்தத் திசையில்

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரையிலும், செப்டம்பரிலும் போகலாம். ஏப்ரலில் மழை அதிகம். ஜெர்ஸ் பகுதியின் களிமண் சாலையில் ஏறி, டிராக்டர் டயர் அப்பிவிட்டுப் போன சேறு உங்கள் மட்கார்டுக்குள் புகுந்து இறுகிவிடும். ஜூலையில் சூரியகாந்தி வயல்கள் மஞ்சளாக நிற்கும், படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் வெயில் 35 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், நிழல் இல்லாத மேட்டுச் சாலையில் அது நம் ஊர் வெயிலுக்குச் சற்றும் குறைந்ததல்ல. செப்டம்பரில் திராட்சை அறுவடை நடக்கும். ஆனால் மாத நடுவில் வேட்டைப் பருவமும் தொடங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காட்டோரப் பாதையில் போகிறவர்கள் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடுப்பது நல்லது.

போர்தோவிலிருந்து துலூஸை நோக்கிப் போகச் சொல்வதற்குக் காரணம் காற்று. ஆண்டின் பெரும்பகுதி அட்லாண்டிக் கடலிலிருந்து மேற்குக் காற்று வீசும். அது முதுகைத் தள்ளிக் கொடுக்கும். துலூஸ் பக்கம் மட்டும் ஒத்தான் என்ற தென்கிழக்குக் காற்று அவ்வப்போது எழுந்து நாள்கணக்கில் எதிரே அடிக்கும். அந்தக் காற்று மனிதர்களைப் பைத்தியமாக்கும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதை, அதற்கு எதிரே ஒரு பிற்பகல் மிதித்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

வண்டியும் சாமானும்

உங்கள் சைக்கிளையே கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா என்பது பயண நாட்களைப் பொறுத்தது. ஒரு வாரத்துக்கு வாடகை போதும்; கால்வாய் வழியில் ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடுள்ள கடைகள் இருக்கின்றன. பக்கப்பைகள் மாட்டும் கேரியர் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சொந்த வண்டி என்றால் 32 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர் போடுங்கள். தார்ச்சாலையில் அது சுமையில்லை, மண்பாதையில் கைகொடுக்கும். மிகச் சிறிய கியர் கட்டாயம் வேண்டும்: முன்னால் இருக்கும் சிறிய பல்சக்கரத்தின் பற்கள் பின்னால் இருக்கும் பெரியதன் பற்களைவிடக் குறைவாகவோ சமமாகவோ இருக்கட்டும். ஜெர்ஸில் ஏற்றங்கள் நீளமில்லை, ஆனால் செங்குத்து.

இரண்டு ட்யூப், பஞ்சர் ஒட்டும் சாமான், டயர் நெம்பும் கோல்கள், செயினை இணைக்கும் கண்ணி, பிரேக் கட்டைகள் ஒரு செட், உங்கள் வண்டிக்கே உரிய பின் கியர் தாங்கி இவ்வளவும் பையில் இருக்க வேண்டும். கடைசிப் பொருளை அலட்சியப்படுத்தாதீர்கள். வண்டி ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் வளைவது அதுதான், ஒரு மாடலுக்கு உள்ளது இன்னொன்றுக்குப் பொருந்தாது. பிரான்ஸில் மெல்லிய வால்வு உள்ள ட்யூப்தான் பரவலாகக் கிடைக்கும். நம் ஊர்ச் சைக்கிள்களில் உள்ள தடித்த வால்வுக்கும் அதற்கும் சேர்த்துப் பொருந்தும் பம்ப் வாங்கிக்கொள்ளுங்கள். போர்தோ, ஆஜென், துலூஸ் ஆகிய நகரங்களில் பெரிய விளையாட்டுப் பொருள் கடைகள் உண்டு. நடுவே உள்ள சிற்றூர்களில் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதுதான்.

காகிதங்களும் சாலை விதிகளும்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். 180 நாட்களில் 90 நாட்கள் வரை தங்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். தங்குமிடச் சான்று கேட்பார்கள் என்பதால், கூடாரம் போடும் எண்ணம் இருந்தாலும் விண்ணப்பத்துக்கு முன் முகாம்தளங்களிலோ விடுதிகளிலோ பதிவு செய்துவிடுங்கள்.

வண்டி சாலையின் வலப்பக்கம் போகும் என்பது தெரிந்ததே. வேறொரு விதிதான் ஆபத்தானது: பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. நீங்கள் அகலமான சாலையில் நேராகப் போய்க்கொண்டிருப்பீர்கள். வலப்பக்கச் சந்திலிருந்து ஒரு கிழவர் தன் பழைய வேனை, உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே விடுவார். சட்டம் அவர் பக்கம். கிராமங்களுக்குள் ஒவ்வொரு வலப்பக்கத் தெருவிலும் பிரேக்கில் விரல் இருக்கட்டும்.

ஊருக்கு வெளியே இரவிலும் மங்கலான வெளிச்சத்திலும் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி சைக்கிளோட்டிக்குச் சட்டப்படி கட்டாயம். தலைக்கவசம் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டாயம். மற்றவர்களும் போடுவதே புத்தி. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டினால் 135 யூரோ அபராதம். மது அளவுக் கட்டுப்பாடு சைக்கிளுக்கும் பொருந்தும் என்பதைத் திராட்சைத் தோட்ட வாசலில் நினைவில் வையுங்கள். கார்களுக்கும் விதி உண்டு: ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். பெரும்பாலானோர் விடுகிறார்கள். அவசரத்துக்கு 112 ஐ அழையுங்கள்.

முதல் கட்டம்: போர்தோ முதல் லா ரெயோல் வரை

போர்தோ விமான நிலையத்துக்கு 2023 முதல் டிராம் வருகிறது; சைக்கிளைப் பெட்டியில் கொண்டுவருகிறவர்களுக்கு அது வசதி. நகரத்தை விட்டு வெளியேற நதியின் வலக்கரையைப் பிடித்து லத்ரேன் வரை போங்கள். அங்கிருந்து பழைய ரயில் தடத்தின் மேல் போட்ட தார்ப்பாதை சோவ்தேர்-த-குயேன் வரை ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் நீள்கிறது. அதற்கு ரொஜே லபெபி என்ற பந்தய வீரரின் பெயர். துர் த பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவி 1937 இல் அனுமதிக்கப்பட்டது. அதைப் பயன்படுத்தி அந்த ஆண்டே வென்றவர் அவர். அவர் பெயர் கொண்ட பாதையில் கியர் மாற்ற வேண்டிய அவசியமே அதிகமில்லை. ரயில் ஏறிய சரிவுதானே, மெல்ல ஏறி மெல்ல இறங்கும். லா சோவ் அருகே ஒரு சுரங்கம் வழியாகப் போகும்; கோடையில் அதற்குள் நுழைந்ததும் உடம்பு சில்லென்று ஆகும்.

கிரெயோனில் பழைய ரயில் நிலையமே இப்போது சைக்கிள் நிலையம். புதன்கிழமை வந்தால் சதுக்கம் முழுக்கச் சந்தை. பாதையை விட்டுச் சற்று விலகினால் 1079 இல் நிறுவப்பட்ட லா சோவ்-மஜேர் மடாலயத்தின் இடிபாடுகள். கூரையில்லாத தேவாலயத் தூண்களின் தலையில் செதுக்கிய விலங்குகளை அண்ணாந்து பார்க்கலாம். சோவ்தேர், இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் 1281 இல் நிறுவிய ஊர். நான்கு வாயில்களும் இன்றும் நிற்கின்றன. இந்தப் பகுதி அப்போது ஆங்கில அரசரின் கையில் இருந்தது. சதுக்கத்தை நடுவில் வைத்துத் தெருக்களைக் கட்டமிட்டு, வரிச்சலுகை காட்டிக் குடியேற்றிய இப்படிப்பட்ட ஊர்களை பஸ்தீத் என்பார்கள். இனி வழியெல்லாம் அவைதான். சதுக்கத்தைச் சுற்றி வளைவுத் தூண்களோடு தாழ்வாரம் இருப்பதால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க இடம் நிச்சயம்.

சோவ்தேரிலிருந்து லா ரெயோலுக்கு ரயில்பாதை இல்லை. திராட்சை மேடுகளின் ஊடே சிறு சாலைகள். லா ரெயோலில் சனிக்கிழமைச் சந்தை நதிக்கரையில் கூடுகிறது. முடிந்தால் அதற்கேற்பக் கிளம்பும் நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கட்டம்: கால்வாய்க்கரை

லா ரெயோலில் கரோனைக் கடந்தால், நதியை ஒட்டியே ஓடும் கரோன் கால்வாய். 1838 இல் தொடங்கி 1856 இல் முடிந்த இது துலூஸிலிருந்து 193 கிலோமீட்டர் நீளம்; 53 இடங்களில் படகை ஏற்றி இறக்கும் மதகுகள். குதிரைகள் படகு இழுத்த கரைப்பாதையில் இப்போது தார் போட்டிருக்கிறார்கள். மேடு என்று ஏதாவது இருந்தால் அது மதகு அருகே வரும் இரண்டு மூன்று மீட்டர்தான். மதகுக் காவலர் வீடுகளின் சுவரைக் கவனியுங்கள்: மதகின் பெயரும், முன்னும் பின்னும் உள்ள அடுத்த மதகுக்கு எவ்வளவு தூரம் என்பதும் பலகையில் எழுதியிருக்கும். கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்தாலும் வழி தவறாது.

உண்மையைச் சொன்னால் கால்வாய்க்கரை இரண்டாவது நாளில் கொஞ்சம் சலிக்கும். ஒரே நிழல், ஒரே நேர்கோடு, ஒரே நிறத் தண்ணீர். அதனால் ஊர்களுக்குள் ஏறிப் பாருங்கள். லே மாஸ்-தஜெனே என்ற சின்ன ஊரின் தேவாலயத்துக்கு உரியது ரெம்பிராண்ட் 1631 இல் வரைந்த சிலுவையில் தொங்கும் கிறிஸ்து. பாரிஸில் வரிசையில் நின்று பார்க்கும் ஓவியரின் படைப்பு, இங்கே தக்காளி வயல்களுக்கு நடுவே.

நேரமோ கால்வலுவோ குறைந்தவர்கள் கால்வாயை விடாமல் ஆஜென் வழியாகப் போய்விடலாம். அங்கே கால்வாய், 23 வளைவுகளும் 539 மீட்டர் நீளமும் கொண்ட கல்பாலத்தின் மேல் கரோனைக் கடக்கிறது. கீழே நதி, மேலே படகு, பக்கத்தில் நீங்கள். இந்த வழிக்கு இன்னொரு அனுகூலம், போர்தோ–துலூஸ் ரயில்பாதை கூடவே வருவது. மர்மாந்த், ஆஜென், முவாஸாக், மோந்தோபான் என்று வரிசையாக நிலையங்கள். வண்டியோ முழங்காலோ மக்கர் செய்தால் உள்ளூர் ரயிலில் ஏறிக்கொள்ளலாம்.

மூன்றாம் கட்டம்: கஸ்கோன் மேடுகள்

மற்றவர்கள் ப்யூஸே அருகே கால்வாயை விட்டுத் தெற்கே திரும்புங்கள். மதிலோடு நிற்கும் வியான், நான்கு கோபுரங்கள் கொண்ட கோட்டை போன்ற பார்பாஸ்த் நீராலை, பிறகு நெராக். நான்காம் ஹென்றி பிரான்ஸின் அரசராகும் முன் அரசவை நடத்திய மாளிகையின் ஒரு சிறகு மட்டும் மிஞ்சியிருக்கிறது. பைஸ் நதிக்கரையில் அமர்ந்து சாப்பிட நல்ல ஊர் இது.

இங்கிருந்துதான் ஆறுகளின் கணக்கு. தெற்கே பிரெனே அடிவாரத்தில் உள்ள லன்மெஸான் பீடபூமியிலிருந்து பைஸ், ஜெர்ஸ், ஆரா, ஜிமோன், சாவ் முதலிய ஆறுகள் விரித்த விசிறி போல வடக்கு நோக்கி ஓடுகின்றன. இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு மேட்டு முதுகு. வடக்கு தெற்காகப் போனால் பள்ளத்தாக்கின் அடியிலோ முதுகின் உச்சியிலோ சமமாக ஓட்டலாம். கிழக்கு மேற்காகப் போனால் ஒவ்வோர் ஆற்றுக்கும் இறங்கி, பாலம் கடந்து, மீண்டும் ஏற வேண்டும். ஓர் ஏற்றம் நூறு மீட்டர் உயரத்தைத் தாண்டுவது அரிது. ஆனால் நாளுக்கு ஏழெட்டு வந்தால் மாலையில் கால்கள் கேட்கும். வரைபடத்தில் நாற்பது கிலோமீட்டர் என்று தெரிவதைக் குறுக்கே போகும் நாளில் அறுபதாக எண்ணித் திட்டமிடுங்கள். நேர்வழியைவிட, முதுகின் மேல் சற்று நீளமாகச் செல்லும் சாலையே பெரும்பாலும் சுகமானது. தெளிவான நாளில் அங்கிருந்து தெற்கே பிரெனே மலைத்தொடர் முழுவதும் வெள்ளையாகத் தெரியும்.

நெராக்கிலிருந்து மெஸான் வழியாக ஃபுர்செஸ். பஸ்தீத்கள் கட்டம் கட்டமாக இருக்க, இது வட்டமாக இருக்கிறது. அடுத்து மோன்ரெயால், அதன் பக்கத்தில் செவியாக் என்ற ரோமானியர் காலத்து மாளிகையின் தரைச் சித்திரங்கள். பிறகு எயோஸ், ஆர்மஞாக் சாராயத்தின் நாடு.

எயோஸிலிருந்து மேற்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் விலகி லபஸ்தீத்-தார்மஞாக் வரை போய்த் திரும்புவதைச் சைக்கிள்காரர்கள் தவிர்க்கக் கூடாது. ஊருக்கு வெளியே வயல் நடுவில் உள்ள பழைய சிற்றாலயத்தை, ஜோசஃப் மஸ்ஸி என்ற பங்குத்தந்தை 1959 இல் சைக்கிளோட்டிகளின் மாதாவுக்கு அர்ப்பணிக்கச் செய்தார். துர் த பிரான்ஸ் வீரர்கள் காணிக்கையாகக் கொடுத்த நூற்றுக்கணக்கான ஜெர்ஸிகள் சுவரெல்லாம் தொங்குகின்றன. 1973 இல் அந்தப் பந்தயத்தை வென்ற லூயிஸ் ஒக்கான்யாவின் திருமணம் நடந்தது இங்கேதான். வியர்வை ஊறிய கம்பளித் துணிகளைக் காணிக்கையாக ஏற்கும் கோயில் வேறெங்கே இருக்கிறது? திறந்திருக்கும் மாதங்களையும் நேரத்தையும் ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.

திரும்பி வந்து கோன்தோம், லா ரோமியு, லெக்தூர் என்று கிழக்கே போகும் பாதை, ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடக்கும் யாத்திரிகர்களின் பழைய வழியை ஒட்டியது. அவர்கள் எதிரே வருவார்கள். அவர்களின் மண்பாதையில் சைக்கிளை இறக்காதீர்கள்; மழை பெய்திருந்தால் களிமண் சக்கரத்தைச் சுற்றவே விடாது. பக்கத்திலேயே தார்ச்சாலை இருக்கிறது. யாத்திரிகர்களால் உங்களுக்குக் கிடைக்கும் லாபம் வேறு: சின்ன ஊரிலும் கூட்டுப்படுக்கை விடுதியும் இரவுச் சாப்பாடும் உண்டு. லா ரோமியுவின் 14 ஆம் நூற்றாண்டு ஆலயக் கோபுரத்தில் ஏறலாம்; கீழே ஜன்னல் விளிம்புகளில் கல்பூனைகள் உட்கார்ந்திருக்கும். பஞ்ச காலத்தில் பூனைகளை மறைத்துக் காப்பாற்றிய ஆஞ்சலின் என்ற சிறுமியின் கதையைக் கடைக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். லெக்தூர் குன்றின் மேல் இருக்கிறது. வெள்ளிக்கிழமைச் சந்தையில் அந்த ஊர் மெலன் பழம் வாங்க அந்த ஏற்றம் ஏறலாம்.

தண்ணீர், சாப்பாடு, கதவடைப்பு

கிராமத்தில் தண்ணீர் தேடினால் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற வாசலருகே குழாய் இருக்கும், பக்கத்தில் பிளாஸ்டிக் பூவாளிகள் அடுக்கியிருக்கும். குடிக்க உதவாது என்று பலகை இருந்தால் தொடாதீர்கள். இரண்டு பாட்டில்களையும் காலையிலேயே நிரப்பிவிடுவது நல்லது. சில ஊர்களில் கடை என்று ஒன்றுமே இல்லை.

பன்னிரண்டரை மணிக்குக் கடைகள் மூடி இரண்டரைக்குத் திறக்கும். ஞாயிறு பிற்பகல் எல்லாம் மூடல். திங்கட்கிழமை பல கடைகள் திறப்பதே இல்லை. ஞாயிறு காலை ரொட்டிக்கடையில் திங்கள் மதியத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். கடைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை "போன்ழூர்" ஆக இருக்கட்டும். அதைச் சொல்லாமல் நேராக விலை கேட்பவரை மரியாதை தெரியாதவராகவே பார்ப்பார்கள்.

மதிய உணவகத்தில் அன்றைய சாப்பாடு பொதுவாக 15 முதல் 20 யூரோவுக்குள் முடியும். இரண்டு மணிக்குமேல் போனால் அடுப்பு அணைந்திருக்கும். சைவர்களுக்கு இந்த நாடு சோதனைதான். வாத்துதான் இங்கே எல்லாம்: வாத்து இறைச்சி, வாத்து ஈரல், வாத்துக் கொழுப்பில் வறுத்த உருளைக்கிழங்கு. பச்சைக் காய்கறி சாலட் என்று நம்பி வாங்கினால் மேலே வாத்தின் இரைப்பைத் துண்டுகள் கிடக்கும். ஆட்டுப்பால் சீஸ் சாலட், பிட்ஸா, முட்டை சாப்பிடுவோருக்கு ஆம்லெட் என்று சமாளிக்கலாம். சிறிய எரிவாயு அடுப்பு வைத்திருந்தால் விடுதலை. எரிவாயுக் குப்பியை விமானத்தில் எடுத்துச் செல்லக் கூடாது, அங்கேதான் வாங்க வேண்டும். பாரிஸ் வழியாக வருகிறவர்கள் லா ஷப்பேல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகளில் பருப்புப்பொடியும் ஊறுகாயும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளட்டும். ஆஜென் உலர்பழம், முவாஸாக் திராட்சை, லொமாஞ் வெள்ளைப் பூண்டு, மெல்லிய மாவு அடுக்குகளில் ஆப்பிள் வைத்துச் சுடும் குருஸ்தாத் இவையெல்லாம் சைவர்களுக்கும் உரியவை.

தங்குவதற்குப் பல ஊர்களில் நகராட்சியே நடத்தும் முகாம்தளம் உண்டு, மலிவு, சுத்தம். "அக்கேய் வேலோ" முத்திரை உள்ள விடுதிகளில் சைக்கிளைப் பூட்டி வைக்க இடம் தருவார்கள்.

கடைசிக் கட்டம்: கரோனுக்குத் திரும்பி துலூஸ் வரை

லெக்தூரிலிருந்து வடகிழக்கே ஓவிலார். வட்டமான தானியச் சந்தை மண்டபம் கொண்ட அழகிய ஊர். நதியைப் பார்க்கும் மேடையில் நின்றால் எதிரே கோல்ஃபெக் அணுமின் நிலையத்தின் இரண்டு கோபுரங்களும் ஆவி கக்கும். படங்களில் அதை வெட்டிவிடுவார்கள். கீழே இறங்கினால் மீண்டும் கால்வாய், பிறகு முவாஸாக். 1100 இல் முடிந்த அதன் மடாலய முற்றத்தில் 76 தூண்தலைகளிலும் வேறு வேறு செதுக்கல். 19 ஆம் நூற்றாண்டில் ரயில்பாதை போட மடாலயத்தின் உணவுக்கூடத்தை இடித்தார்கள். தூண்முற்றம் மயிரிழையில் தப்பியது. இதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள்.

முவாஸாக்கை விட்டதும் கால்வாய் 356 மீட்டர் பாலத்தில் தார்ன் நதியைத் தாண்டுகிறது. மோன்தேஷில் ஒரு விசித்திரப் பொறி: ஐந்து மதகுகளைக் கடக்கும் நேரத்தை மிச்சப்படுத்த, இரண்டு டீசல் எஞ்சின்கள் தண்ணீரையும் படகையும் சேர்த்துச் சரிவில் தள்ளி ஏற்றும். 1974 இல் இயங்கத் தொடங்கியது, இப்போது காட்சிப்பொருள். அதன் பிறகு துலூஸ் வரை நேர்கோடு. ஒத்தான் வீசினால் விடியற்காலையில் கிளம்பிவிடுங்கள்.

துலூஸில் மூன்று கால்வாய்கள் கூடும் போன்-ழுமோ படகுத்துறையில் பாதை முடிகிறது. இங்கே தொடங்கும் கனால் து மிதி, பியேர்-போல் ரிக்கே 1666 முதல் வெட்டியது. மத்தியதரைக் கடலோரம் வரை 240 கிலோமீட்டர். தொடர ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: முதல் ஐம்பது கிலோமீட்டர்தான் நல்ல தார், பிறகு மண்ணும் பிளாட்டான் மர வேர்களும்.

போர்தோவுக்கே திரும்புகிறவர்கள் நெடுந்தூர ரயிலில் சைக்கிளுக்குத் தனி இடம் முன்பதிவு செய்ய வேண்டும். கோடை வாரக்கடைசிகளில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். பல அதிவேக ரயில்களில் வண்டியைக் கழற்றி 130 க்கு 90 சென்டிமீட்டருக்குள் அடங்கும் பையில் போட்டால்தான் ஏற்றுவார்கள். விமானம் என்றால் துலூஸ் சைக்கிள் கடை ஒன்றில் இரண்டு நாள் முன்பே அட்டைப்பெட்டி கேட்டு வையுங்கள். திங்கட்கிழமை விமானமாக இருந்தால் வெள்ளிக்கிழமையே கேட்டுவிடுங்கள்.